மெழுகுக்குள் ஒரு முகாம்

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

சுண்டெலி எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். தப்பித்தவறி எடுத்தாலும் "ம்", "சரி", "அப்புறம்" என்ற மூன்றைத் தவிர நாலாவது வார்த்தை வருவதில்லை. அதனால் பேனாவைத் தூக்கிவிட்டேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று அண்ணன் கேலி செய்வான். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

புது ஊர், புது வீடு, பாப்பாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம். எல்லாம் பழகிவிட்டதா? ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறதா, இல்லை பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தா? இதையெல்லாம் நீங்கள் சொல்லவே இல்லை. அண்ணன் போன பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு நீங்கள் கிளம்பினீர்கள். நான் பஸ் நிலையத்தில் கையாட்டிக்கொண்டு நின்றேன். அதோடு சரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "எங்க அத்தை ஆஸ்பத்திரியில மெழுகு சீவுறாங்க" என்று பாப்பா சின்ன வகுப்பில் சொல்லிவைத்தாளே, அதே வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். ஆபரேஷனில் எடுக்கிற சதைத் துண்டை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றி, டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கக் கொடுக்க வேண்டும். இப்போது எங்கள் டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார். குடலில், ஹார்மோன் சுரக்கிற செல்களிலிருந்து வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைப் பற்றி. அண்ணனுக்கு வந்த அதே ரகம். "இது ஆமை மாதிரிம்மா, மெதுவாத்தான் நகரும்" என்று நம்மைத் தேற்றினார்களே, அந்த ஆமை.

அந்தக் கட்டிகளில் நோய் எதிர்ப்புச் செல்கள் முகாம் போட்டிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். அங்கங்கே திரிகிற செல்களைச் சொல்லவில்லை. நடுவில் ஒரு வகை, அதைச் சுற்றி இன்னொரு வகை, வந்துபோக ரத்தக்குழாய் என்று ஒழுங்காக அமைத்துக்கொண்டு, கட்டியின் வாசலிலேயே உட்கார்ந்து வேலை செய்கிற கூட்டம். அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, வாயில் நுழையாது. எங்களுக்குள் முகாம் என்றே சொல்லிக்கொள்கிறோம். வேறு சில புற்றுநோய்களில் முகாம் இருந்தால் நோயாளிக்கு நல்லது என்கிறார்கள். இந்த ஆமைக் கட்டியில் எப்படி என்று இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

அண்ணனுக்குக் குடல் அடைத்துக்கொண்டபோது ஆபரேஷன் செய்து ஒரு துண்டை எடுத்தார்கள் அல்லவா? அது எங்கள் அலமாரியில் இருக்கிறது. சோதனைக்குச் சீவியது போக மெழுகில் மிச்சம் கொஞ்சம்தான். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் அதுவும் தீர்ந்துவிடும். தீர்ந்துபோகும் என்றால் வீட்டாரின் சம்மதம் வேண்டும். வீட்டார் என்றால் நீங்கள். தங்கச்சி கையெழுத்து செல்லாதாம்.

எனக்கு இதில் இரண்டு மனசு. தினமும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் போகிறேன். எந்தத் தட்டு, எந்த வரிசை என்று தெரியும். அவனில் மிச்சம் இருப்பது அவ்வளவுதானே அண்ணி. வேண்டாம் என்று எழுதினீர்கள் என்றால் உள்ளூரச் சந்தோஷப்படுவேன். சரி என்றால் கூடவே வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

பாப்பாவுக்கு என் முத்தம். வேண்டாம் என்பாள், பரவாயில்லை, கொடுங்கள்.

உங்கள்
சுண்டெலி


பிப்ரவரி 2

அன்புள்ள சுண்டெலி,

கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். யோசிக்கவெல்லாம் இல்லை. அவருடைய கடைசி வருஷத்தில் எத்தனையோ தாளில் போட்டாயிற்று, இது இன்னொன்று.

போன் எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. என் வேலை உனக்குத் தெரியும். தண்ணீர் ஆபீஸில் புகார் பிரிவு. காலையில் ஹெட்போனை மாட்டினால் "தண்ணி வரலை", "கலங்கலா வருது", "உங்க வீட்டுக்கு இப்படி வந்தா சும்மா இருப்பீங்களா" என்று சாயந்திரம் வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு மணி அடித்தால் கை போகமாட்டேன் என்கிறது. நீ எழுது. எழுதினால் படிக்கிறேன்.

எங்கள் குளியலறைக் குழாய் சொட்டுகிறது. யாரிடம் புகார் சொல்வது என்று தெரியவில்லை. வீடு நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவரின் பெண்டாட்டி மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறுகிறாள். உங்கண்ணன் இருந்திருந்தால் கதவைத் தட்டிப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லியிருப்பார். ஜன்னல் கேட்டாயே, அது சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. எனக்கு அது தொந்தரவாக இல்லை.

பாப்பா சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். அப்பா பேச்சே எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அப்பாவுக்கு நாம வேணாம்னு ஆயிடுச்சு, இல்லம்மா?" என்று கேட்டாள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவளும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. எனக்கு இப்போதெல்லாம் எதுவுமே வருவதில்லை சுண்டெலி. அழுகைகூட. பக்கத்து வீட்டம்மா, "நீங்க ரொம்ப தைரியசாலி" என்கிறார். நான் தலையாட்டி வைக்கிறேன்.

மெழுகில் இருப்பதை எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும்? சீவிவிடு. யாருக்காவது உபயோகப்பட்டால் சரி. ஆனால் நீ சீவாதே. வேறு யார் கையிலாவது கொடு.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. நான்தான் சீவினேன். சொந்தக்காரர் துண்டைச் சொந்தக்காரர் தொடக்கூடாது என்று எங்கள் இடத்தில் பழக்கம். டாக்டரம்மாவைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர், "சரி, சீவு. ஆனா மைக்ரோஸ்கோப்புல வச்சுப் படிக்காதே. படிக்கிறது என் வேலை" என்றார். பெரிதாகத் தலையாட்டினேன். அப்புறம் படித்தேன்.

முதலில் மெழுகை ஐஸில் வைத்துக் குளிரவிட வேண்டும். பிறகு மிஷினில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால் நாடா மாதிரி வரும். ஒவ்வொரு சீவலும் வெங்காயச் சருகைவிட மெல்லிசு. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி எடுப்பேன். மூச்சு பட்டாலே மடங்கிவிடும். பக்கத்து மேஜைக்காரி எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள், அன்றைக்கு அவள்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு சீவலாவது கிழியும் என்று நினைத்தேன். கிழியவே இல்லை. மற்றவர்களுடையதைச் சீவுகிற மாதிரியே சீவினேன். அதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அண்ணி, முகாம் இருக்கிறது! கட்டியின் ஓரத்திலேயே, ஒட்டினாற்போல. நடுவில் வெளிறின வட்டம், சுற்றிலும் கருநீலமாக நெருக்கியடித்துக்கொண்டு செல்கள். பக்கத்தில் இன்னொன்று. அதைத் தாண்டி இன்னும். மற்ற நோயாளிகளின் கட்டியில் தேடித் தேடிப் பார்த்தாலும் இப்படிக் கிடைக்கவில்லை. நம் அண்ணனுடையதில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. படம் எடுத்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு இதோடு அனுப்புகிறேன்.

இனி நான் எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் கேட்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. வைத்தியத்தை ஏன் அண்ணி நிறுத்தினீர்கள்? ஆபரேஷன் முடிந்து, ரத்தத்தில் ஏற்றுகிற கதிர்வீச்சு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாளில் மேலே அவன் கையெழுத்து, கீழே உங்கள் கையெழுத்து. நான் அதே கட்டடத்தில் அடித்தளத்தில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய பித்தப்பையைச் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பேனே.

முகாம் போட்டுப் போராடிக்கொண்டிருந்த உடம்பு அது. இந்த மாதிரி இருந்தால் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புகிற ஊசிகள் இருக்கின்றன, முயன்று பார்க்கலாம் என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முயன்றுகூடப் பார்க்கவில்லையே. அவன் நோயாளி, வலியில் வேண்டாம் என்றிருப்பான். நீங்கள் நல்ல உடம்போடு பக்கத்தில் நின்றீர்கள். போராடிக்கொண்டிருந்த மனுஷனை நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன். கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன், கிழிக்கவில்லை.

சுண்டெலி


மார்ச் 20

அன்புள்ள சுண்டெலி,

உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. ஆபீஸில் வாய் தானாகச் சொல்லும் வரி. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் இதுதான் மனசுக்குள் ஓடியது. அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. சில நாள் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்கண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆபரேஷனுக்கு முன்பே அப்படித் திரும்பியாயிற்று. டாக்டர் எல்லாம் விளக்கினார். இவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தாளை முழுக்கப் படித்தார். வேலை முடிந்து லிஃப்ட் சர்வீஸ் சீட்டில் கையெழுத்துப் போடுவாரே, அதே மாதிரி அழுத்தமாகப் போட்டார். நான், "சுண்டெலியைக் கூப்பிடட்டுமா?" என்றேன். "வேணாம். அவ வந்து அழுதா நான் சரின்னுடுவேன். எனக்குச் சரின்னு சொல்ல இஷ்டமில்லை" என்றார். அதனால்தான் கூப்பிடவில்லை. பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். நான் வாதாடவில்லை. பல வருஷமாக மாதாமாதம் ஊசி, திடுதிப்பென்று முகம் சிவந்து வேர்ப்பது, கழிப்பறைக் கதவுக்கு வெளியே நான் நிற்பது. களைத்துப்போயிருந்தேன். போட்டுவிட்டேன்.

இதுதான் நடந்தது. இதைக் கைவிட்டது என்று நீ சொன்னால், சரி, அப்படியே வைத்துக்கொள். நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பற்றி எழுத வேண்டும். கடைசி மாதங்களில் உங்கண்ணன் என்னோடு பேசவில்லை. பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்வார். செத்துப்போனது அப்புறம், அவர் அதற்கு முன்பே எங்களை விட்டுக் கிளம்பிவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். தானாக விட்டுப் போனவருக்காக எப்படி அழுவது? மரத்துப்போய்விட்டது.

உன் சிவப்பு வட்டங்களைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அதே நாட்களில் உள்ளே இதெல்லாம் நடந்திருக்கிறது. வாய்தான் வேண்டாம் என்றிருக்கிறது, உடம்பு கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இது போதும் சுண்டெலி. குற்றம் என்மேல்தான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், சுமந்துகொள்கிறேன். அவர் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை என்று தெரிந்தால் போதும். அன்றைக்குப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

பாப்பா பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள், நீ எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். உன் புகாரை மட்டும் சொல்லவில்லை. படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குக் கதவைத் திறந்துகொண்டு தானாக வந்தாள். "அப்பா சத்தமே இல்லாம எல்லா வேலையும் பண்ணிருக்காரும்மா" என்றாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த காலத்துக் கதையெல்லாம் கேட்டாள். லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் பூனை மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன், சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அத்தை எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன்னிடம் கேட்க நூறு கேள்வி வைத்திருக்கிறாளாம். மே மாதம் லீவு. வா.

அண்ணி


ஏப்ரல் 3

என் அன்பான அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அடித்தளத்தில் மெழுகு உருகுகிற அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு படித்தேன். மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரி டவலை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"அவ வந்து அழுதா நான் சரின்னுடுவேன்" என்றானா? அண்ணன் சொல்கிற மாதிரியே இருக்கிறது. இது தெரியாமல் என்னென்னவோ எழுதிவிட்டேன். என் வாயில் அடுப்புக்கரியைத்தான் போட வேண்டும். உங்களிடம் அப்படிக் கேட்க எனக்கு என்ன அருகதை?

மே முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று. பாப்பாவின் நூறு கேள்விக்கும் பதில் சொல்கிறேன், நூற்றி ஒன்றாவது இருந்தால் அதற்கும். அவளுக்குப் பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், இப்போதே சொல்லிவிடாதீர்கள். உங்கள் குழாயையும் நானே சரிசெய்கிறேன். நானும் ஒரு மெக்கானிக்கின் தங்கச்சிதானே.

எனக்கென்று இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான் அண்ணி. வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள் செல்லச்
சுண்டெலி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு வந்து நேரில் சொல்லலாம் என்றும் பார்த்தேன். அதுவரை நீங்கள் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கக்கூடாது.

டாக்டரம்மா இந்த வாரம்தான் அண்ணனுடைய ஸ்லைடைப் படித்தார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற மைக்ரோஸ்கோப் ஒன்று இருக்கிறது, என்னையும் எதிரில் உட்காரச் சொன்னார். நான் படத்தில் வட்டம் போட்ட இடம் வந்ததும் ஸ்லைடை நகர்த்துவதை நிறுத்தினார். "மெழுகு மிச்சம் இருக்கா? இன்னும் ஆழமா சீவிக் கொண்டு வா" என்றார். மிச்சம் இருந்ததை எல்லாம் சீவினேன். அதோடு மெழுகு தீர்ந்தது.

ஆழமாகப் போகப் போக அந்த உருண்டைகளுக்கு மேலே குடலின் உள்தோல் கூரை மாதிரி வந்து மூடிக்கொண்டது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். "இது முகாம் இல்லை. சிறுகுடலோட கடைசிப் பகுதியில எல்லாருக்கும் இருக்கிற எதிர்ப்புச் செல்களோட காவல் திட்டு. உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. கட்டி வளர்ந்து வந்து அதுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்." சாப்பிடுகிறதோடு உள்ளே வரும் கிருமியைக் கவனிக்க எல்லார் குடலிலும் இருப்பது. அண்ணனின் கட்டியைப் பார்த்து வந்ததே இல்லை. கட்டிக்குள்ளும் தேடினோம். முகாம் ஒன்றுகூட இல்லை அண்ணி. அண்ணன் பெயருக்கு எதிரே பூஜ்யம் என்றுதான் பதிவாகியிருக்கிறது.

எத்தனை குடல் துண்டு சீவியிருக்கிறேன்! அந்தத் திட்டுகள் எனக்குத் தெரியாதவையா? வேறு யாருடையதாக இருந்தாலும் பார்த்த உடனே "ஓ, இதுவா" என்று தள்ளியிருப்பேன். அண்ணனுடையதில் மட்டும் என் கண் வேறு எதையோ பார்த்துவிட்டது. படிக்காதே என்று சொன்னார்கள், படித்தேன்.

ஆகையால் அண்ணி, நான் சொன்ன குற்றம் முழுக்க முழுக்கத் தப்பு. நீங்கள் யாரையும் கைவிடவில்லை. அங்கே போராட்டம் எதுவும் நடக்கவில்லை, நீங்கள் நிறுத்துவதற்கு. அந்தக் கையெழுத்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அந்தச் சுமையை இன்றோடு இறக்கி வைத்துவிடுங்கள். நிம்மதியாகத் தூங்குங்கள்.

பாப்பாவிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்ததும் நானே படத்தை வைத்து விளக்குகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண், கெட்டிக்காரி. முதலில் முகம் வாடும், அப்புறம் புரிந்துகொள்வாள். இந்த வேலையில் தப்பைத் திருத்துவதும் ஒரு பாகம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருப்பது நல்லதுதானே.

இன்னும் கொஞ்ச நாளில் நேரில் பார்ப்போம். துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

உங்கள்
சுண்டெலி


ஏப்ரல் 29

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் மதிய இடைவேளையில் படித்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அடுத்து வந்தவர் மோட்டார் ஓடவில்லை என்றார். தெருப் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் தப்பில்லாமல் எழுதிக்கொண்டேன். சாயந்திரம் வரை அப்படியே போயிற்று.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். மன்னிக்க ஒன்றுமில்லை. என்மேல் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் அந்தக் குற்றம் எனக்குப் பாரமாக இல்லை. அதைச் சுமந்துகொள்கிறேன் என்று நான் சொன்னது அவர் எங்களை விட்டுப் போகவில்லை என்பதும் கூடவே கிடைத்தது என்பதால். நீ இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நல்ல மனசோடுதான் செய்தாய், அது எனக்குத் தெரியும். நீ பொய் எழுதியிருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வந்தால்கூடத் தேவலை.

பாப்பா போன வாரம் வகுப்பில் எழுந்து நின்று அப்பாவின் முகாம்களைப் பற்றிப் பேசியிருக்கிறாள். படத்தைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். டீச்சர் கைதட்டினாராம். வீட்டுக்கு வந்து அதை எனக்கு இரண்டு தடவை நடித்துக் காட்டினாள். கதவை இப்போது சாத்திக்கொள்வதில்லை. நான் சமைக்கும்போது வந்து மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஏதாவது வளவளவென்று பேசிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. வளர்ந்து, படித்து, அவளாகத் தெரிந்துகொண்டால் அப்போது பார்த்துக்கொள்வோம்.

நேரில் விளக்குகிறேன் என்கிறாய். விளக்காதே என்று நான் சொன்னால் கேட்பாய். சத்தியம்கூடப் பண்ணுவாய். ஆனால் அவள் படத்தை உன் முன்னால் வைத்து, "இதுல எது பெரிய முகாம் அத்தை?" என்று கேட்பாள். நீ வாயைத் திறக்கவே வேண்டாம், உன் முகம் சொல்லிவிடும். உனக்குப் பொய் வராது. உங்கண்ணனுக்கும் வராது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது அதனால்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

அதனால் நீ வரவேண்டாம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. மைக்ரோஸ்கோப் அனுப்பாதே, அவளுக்கு எதுவும் எழுதாதே, பள்ளிக்கூடத்துப் பக்கம் போன் செய்யாதே. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உனக்கு எங்களை விட்டால் யாருமில்லை என்று எழுதியிருந்தாய், அதை மறக்கவில்லை. தெரிந்துதான் சொல்கிறேன்.

அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை என்று நேற்றே சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் வரும். "அடுத்த லீவுக்கா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அவள் போய்ப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை எடுத்துவிட்டாள். அவளுக்கு அத்தை இல்லாமல் போனால் போகட்டும். இப்போதுதான் அப்பா கிடைத்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி